ஒரே பெட்டி போதுமா?

கேள்வி: ஃபைபர் மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் ஒரே பெட்டியில் வருகிறதே, நம்பி வாங்கலாமா?
– வாசகி, ஜாசின்

பதில்: தோட்டத்து வீட்டுக்குத் தாராளமாக வாங்குங்கள். அது கூட்டுக் குடும்பம் மாதிரி: செலவு குறைவு, ஒருவர் படுத்தால் வீடே படுத்துவிடும். மீன்தொட்டிக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள். வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், செங்கல் சுவரைக் கண்டால் களைத்துப்போகும். 2.4 மெதுவாக வந்தாலும் அடுப்படிவரை வரும். மலாக்கா நகரத்து நீளமான கடைவீடு என்றால் பின்கட்டுக்குக் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். 2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்களே, அப்போது வைஃபை எட்டாமல் பட்ட பாடு போதும். சாயங்காலம் இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்: கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும். பெட்டியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.