கணப்புக்கும் ஒரு பஞ்சாங்கம்

சான் ஹோஸேயில் என் மகன் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் கூடத்தில் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருக்கிறது. சென்ற கார்த்திகையில் அங்கே போய் இறங்கிய அன்றே, மைலாப்பூர்ப் புழுக்கத்தில் எழுபது வருஷம் வெந்த இந்தச் சரீரத்தை அதன் எதிரே ஒரு சாய்வு நாற்காலியில் கிடத்தி, ஆங்கில நாவல்களில் வரும் பிரபுக்களைப் போலப் பாதங்களைத் தீயருகே நீட்டிக்கொண்டு, பொங்கலுக்கு ஊர் திரும்பும் வரையில் காலத்தைக் கழித்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். மளிகைக் கடையில், பிளாஸ்டிக் உறை போட்டுப் பட்சணம் போல் அடுக்கியிருந்த விறகுக் கட்டு ஒன்றையும் வாங்கினேன். வெளிநாட்டில் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்பார்கள், பெருக்கிப் பார்த்தேன். என் தகப்பனார் காலத்தில் அந்தத் தொகைக்கு விறகுத் தொட்டியிலிருந்து ஒரு வண்டிச் சவுக்கே வந்து இறங்கியிருக்கும்.

மாலையில் தீக்குச்சியைக் கிழிக்கப் போன சமயத்தில் மகன் ஓடிவந்து, "அப்பா, இன்னிக்குக் கொளுத்தக் கூடாது" என்றான்.

"ஏன், ராகு காலமா?"

"காத்து சரியில்லை."

சான் ஹோஸே அடங்கிய சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசத்தில் 2008 முதல் அப்படி ஒரு விதி உண்டாம். காற்றில் நுண்துகள் மிகுந்துவிடும் என்று எச்சரிக்கை வெளியாகும் நாளில் வீட்டுக்குள்ளும் விறகு எரிக்கலாகாது, தோட்டத்திலும் எரிக்கலாகாது. ஆதியில் குளிர்காலத்துக்கு மட்டுமே இருந்த இந்த விரதம் 2019 முதல் வருஷம் முழுவதற்கும் நீண்டிருக்கிறது. முதல் தடவை மீறியவர் 100 டாலர் அபராதம் கட்டலாம், அல்லது புகையின் தீமைகளைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்து முடிக்கலாம். மறு தடவை 500 டாலர். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சியின் மேல் ஏற்றிய வாத்தியார், இந்த வயதில் புகையைப் பற்றிப் பாடம் படிப்பதாவது!

இதிலே விசித்திரம் என்னவென்றால், மலைகள் சூழ்ந்த சான் ஹோஸேப் பள்ளத்தாக்கில், காற்றசையாத குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிட, அதன் மேல் வெப்பக் காற்று இட்டிலிக் கொப்பரையின் மூடியைப் போல் கவிந்துகொண்டு, ஊரார் புகைபோக்கிகள் கக்கும் புகை அத்தனையையும் அடியிலேயே அடைத்துவிடுகிறது. ஆகையால் எலும்பைக் குடையும் குளிர் என்றைக்கோ, பெரும்பாலும் அன்றைக்கே தடை. பசியில்லாத நாளில் மட்டும் பந்தி போடுகிற வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோமே என்று நான் புலம்பினேன்.

புலம்பல் நடுவே என் தாயாரின் நினைவு வந்தது. ஈர விறகோடும் ஊதாங்குழலோடும் நாற்பது வருஷம் மல்லாடி, கண் சிவக்க இருமிக்கொண்டே அவள் சமைத்தாளே, அப்போது எந்தச் சர்க்காராவது வந்து "அம்மா, இன்று அடுப்பு மூட்டாதே" என்று உத்தரவு போட்டிருந்தால், பிரஜைகளிலேயே அவளைப் போல் பரம சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நாளைக்கு எரிக்கலாமா என்பதைத் தொலைபேசியில் கேட்டறிய ஓர் எண் இருந்தது. என் மனைவி மாலைதோறும் அதைக் கூப்பிட்டு, பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் சாஸ்திரிகளைப் போல, "நாளைக்கும் ஆகாது" என்று அறிவிப்பாள். ஒரு நாள் அனுமதி கிட்டியது. அன்று மழை கொட்டியது. ஆனால் ஸ்வெட்டரே வேண்டாத கதகதப்பு. வாங்கிய விறகு வீணாகக் கூடாதே என்று மூட்டி, எதிரே உட்கார்ந்தேன். மைலாப்பூரில் வேர்ப்பதைப் போலவே வேர்த்தது.

போகியன்று விடியற்காலையில் சென்னைக்கு வந்து சேர்ந்தோம். சேர்ந்தோம் என்பதைவிட, சென்னைக்கு மேலே வந்து சேர்ந்தோம் என்பதே பொருத்தம். பழைய பாய், முறம், துடைப்பத்தோடு, கொளுத்தாதீர்கள் என்று அதிகாரிகள் வருஷந்தோறும் மன்றாடும் டயரையும் சேர்த்து ஊர் கொளுத்தியிருந்த புகையில் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமல், எங்கள் விமானம் ஆகாயத்திலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலில் நெற்றியைப் பதித்து வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பி, "ஏங்க, இங்கே எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்?" என்றாள்.