அப்பாருகிட்ட யாரு ரோசன கேட்டா?

வா கண்ணு, உக்காரு. பொட்டி கட்டியாச்சா? விடுதி மெத்தை 80 அங்குல நீளம்னு காயிதத்துல போட்டிருக்குதாமா, உங்கம்மா கடை கடையா விரிப்புத் தேடறா. நீ வளந்திருக்கறதே அஞ்சடி. மிச்ச எடத்துல உன்ற மேஜர், அதான் பட்டத்துக்கு எடுக்கற முக்கியப் பாடம், வந்து படுத்துக்கட்டும், என்னைக்கு வருதோ அன்னைக்கு.

என்ன படிக்கப் போறோம்னே தெரியாம காலேஜ்ல எடம் வாங்கிப்போட்ட பாரு, அது ஒரு கெட்டிக்காரத்தனம். உன்னாட்டவே தெரியாத புள்ளைகளையெல்லாம் ஒரே மாடியில குடி வெச்சு, அவங்களுக்குன்னு ஒண்ணு ரெண்டு கிளாஸும் சேத்திப் போட்டு, 'லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி'ன்னு பேரும் வெச்சாங்களே, அது அதுக்கும் மேல.

உங்கொப்பனுக்குத்தான் பொறுக்கல. அவன் உன்ற நெத்தியில 'கம்ப்யூட்டர் சயின்ஸ்'னு எழுதிப் பல வருசமாச்சு. கோயில்ல எவனாச்சும் "பாப்பா என்ன மேஜர்?"னு கேட்டா, செருப்பைத் தேடறேன்னு குனிஞ்சுக்கறான். மேஜரை எழுதிக் குடுத்தவங்க லட்சணம் மட்டும் என்னவாம்? 2017ல அமெரிக்கக் கல்வித் துறை ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. எழுதிக் குடுத்த புள்ளைகள்ல சுமாரு 30 சதவீதம் பேரு, சேந்த மூணு வருசத்துக்குள்ள ஒருக்காவாச்சும் மாத்திப்போட்டாங்க. அதுலயும் கணக்குப் பாடம் எடுத்தவங்க 52 சதவீதம்! கணக்குப் புள்ளைகளே தப்புக் கணக்குப் போடறப்ப, போடாமயே இருக்கற உனக்கென்ன கொறச்சல்?

ரூம்மேட்டோட ஒரு ஒப்பந்தம் எழுதோணுமாமா. எத்தன மணிக்கு லைட்ட அணைக்கறது, யாரோட கூட்டாளி ராத்திரி தங்கலாம், ஃபிரிட்ஜுல இருக்கற பாலு யாருது, அத்தனையும் எழுதிக் கையெழுத்து. நானும் உங்கப்பத்தாளும் கண்ணாலத்தன்னைக்கு இப்படி ஒண்ணு எழுதியிருந்தா பாதிச் சண்டை மிச்சம். ஆனா, பாலு யாருதுங்கற எடத்துல அவ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டா.

மாடிக்கு ஒரு ஆர்.ஏ. இருப்பா, அந்த மாடியப் பாத்துக்கறவ. உன்னவிடக் கொஞ்சம் மூத்த புள்ள. கதவுக்குக் கதவு கலர்க் காயிதத்துல பேரு வெட்டி ஒட்டுவா, பீட்சா வாங்கி வெச்சு "உனக்கு எதுல ஆசை?"னு கேப்பா. பீட்சாவுலன்னு சொல்லிப்போடாத.

என்ன படிக்கலாம்னு ரோசன சொல்ல காலேஜ்ல வெச்சிருக்கற அட்வைசர்கிட்ட மட்டும் போயிராத கண்ணு. அவங்க பதில் சொல்ல மாட்டாங்க, கேள்விதான் கேப்பாங்க. கேள்வி கேட்டா நாம ரோசிக்கோணும். அதெல்லாம் ஒடம்புக்கு ஆகாது. பேசாம திரைப்பட ரசனை, யோகான்னு செமஸ்டருக்கு 15 கிரெடிட் ரொப்பிக்கோ. ரெண்டாம் வருசக் கடைசியில போயி நின்னு "நான் இஞ்சினியராகோணும்"னு சொல்லு. கால்குலஸ் எங்க, பிசிக்ஸ் எங்கம்பான். நர்சிங்னு சொன்னா கெமிஸ்ட்ரி எங்கம்பான். ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்ததுன்னு வரிசையா வர்ற சமாச்சாரம் அது. பட்டத்துக்குப் பொதுவா 120 கிரெடிட். நீ 150 வாங்கிட்டு வா, உங்கொப்பன் சந்தோசமா ஃபீஸ் கட்டுவான்.

இன்னொரு கூத்தும் நடக்கும் பாரு. உன்ற மாடியில ஒருத்தி சைக்காலஜின்னு வாயத் தொறந்தா, தீபாவளிக்குள்ள மாடியே சைக்காலஜி. வழி தெரியாத ஆட்டையெல்லாம் ஒரே பட்டியில அடைச்சா, ஒண்ணு தாண்டுன வேலியத்தான் அத்தனையும் தாண்டும். அதனால சக்கரை கடன் கேக்கற சாக்குல அடுத்த மாடிக்கும் போ. அங்க எலும்பைப் பத்திப் படிக்கறவ, பாலம் கட்டப் படிக்கறவ எல்லாம் இருப்பா. சக்கரை கெடைக்காட்டியும் ஏதாச்சும் காதுல விழும்.

இப்படி ஒரே எடத்துல குடி வெச்சுப் படிக்க வெக்கறது புதுசுன்னு நெனைச்சுக்காத. 1927லயே மேடிசன்ல, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல, அலெக்சாண்டர் மீக்கல்ஜான்னு ஒருத்தரு 'எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்'னு நடத்துனாரு. ஏரிக்கரையோரம் ஆடம்ஸ் ஹால்னு ஒரு விடுதி. பசங்க குடியிருக்கறதும் அங்கதான், பாடம் பேசறதும் அங்கதான், வாத்தியாருகளுக்கு ஆபீசும் அங்கயேதான். மொத வருசம் பூராம் பழைய ஏதென்ஸ், ரெண்டாம் வருசம் அமெரிக்கா. "ஏதென்ஸ் படிச்சா எவன் வேலை குடுப்பான்?"னு அந்தக் காலத்து உங்கொப்பனுகளும் கேட்டிருப்பானுக. பசங்க சேர்றது கொறஞ்சுபோச்சு, நாட்டுல பணத்துக்கும் பஞ்சம், 1932ல மூடிட்டாங்க.

ஆனா ஒரு வேலை வெச்சாரு பாரு அந்த மனுசன்! நடுவுல வர்ற கோடை லீவுல, அவனவன் ஊரையே ஆராஞ்சு எழுதிட்டு வரோணும். அத மட்டும் நீ புடிச்சுக்கோ. லீவுக்குக் காங்கயம் பக்கம் வா. நம்ம கெணத்துத் தண்ணி எங்க போச்சுன்னு எழுது. சில பல்கலைக்கழகத்துல மண்ணைப் பத்திப் படிக்கறதுக்குன்னே தனி மேஜர் இருக்குதாமா, தெரியுமா உனக்கு?

நான் ஒண்ணுஞ் சொல்லல சாமி. முடிவு பண்ண வேண்டியவ நீ. நாலு ஏக்கரா செவக்காடு சும்மா கெடக்குதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.