கத்தி தீட்டற் சாத்திரம்: பரபக்கமும் சுபக்கமும்

மழுங்காத கத்தி என்று ஒன்று உலகில் இல்லை. மழுங்கிய கத்தியை எதில் தீட்டுவது என்னும் விஷயத்தில் அபிப்பிராய பேதம் இல்லாத குடும்பமும் இல்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்து, முன்னதில் பிற மதங்களை மறுத்துப் பின்னதில் தம் மதத்தை நிலைநாட்டினார். அடுக்களையில் நிலவும் தீட்டல் மதங்களும் பிடிவாதத்தில் எந்தச் சமயத்துக்கும் குறைந்தவையல்ல ஆதலின், அவற்றையும் அம்முறையிலேயே ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் மழுக்கத்தின் இலக்கணம் தெளிதல் வேண்டும். கத்தியின் வாய் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் ஒரு கோடு. அக்கோடு பக்கவாட்டில் மடிந்தாலும் மழுக்கம், தேய்ந்து உருண்டாலும் மழுக்கம். மடிந்ததை நிமிர்த்தலும் உருண்டதைத் தேய்த்தலுமே பரிகாரம். இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் தக்காளி: கத்தியை வைத்தவுடன் தோல் பிளந்தால் கூர்மை, தோல் குழிந்து உள்ளிருக்கும் சாறு எதிரே நிற்பவர் சட்டையில் தெறித்தால் மழுக்கம்.

இனிப் பரபக்கம். முதலாமவர் படிக்கல்வாதி. வாசற்படி, துவைகல், அம்மியின் ஓரம் ஆகிய கருங்கற்களே போதும், காசு கொடுத்துக் கல் வாங்குவது வீண் என்பது இவர் கொள்கை. கருங்கல்லில் விரவியுள்ள படிகக்கல், மோஸ் என்னும் ஜெர்மானியர் 1812ஆம் ஆண்டில் வகுத்த கடினத்தன்மை வரிசையில் ஏழாம் இடத்தில் நிற்பதாலும், அடுக்களைக் கத்தியின் எஃகு அதற்குக் கீழ்ப்பட்டதாலும், இவர் மதம் முழுவதும் பொய்யன்று. ஆயினும் கருங்கல்லின் மணிகள் ஒரே அளவின அல்லவாதலின், தீட்டிய வாய் ரம்பத்தின் சாயலைப் பெறுகிறது.

இரண்டாமவர் கோப்பைவாதி. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூச்சு ஏறாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதில் கத்தியைச் சாய்த்து நாலு இழுப்பு இழுத்தால் வளையத்தில் கரிய கோடு படியும். அக்கோடு கத்தியிலிருந்து பிரிந்த எஃகே என்பதால் இம்மதம் மறுக்கவொண்ணாதது. இதிலுள்ள குற்றங்கள் இரண்டு: வளையம் குறுகலாதலின் கத்தி வழுக்கும், தீட்டல் நடைபெறும் நேரத்தில் வந்த விருந்தாளிக்குக் காப்பி தாமதப்படும்.

மூன்றாமவர் சக்கரவாதி. தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டவுடன் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை ஆகிய மூன்றையும் ஏந்தி ஓடுபவர் இவர். சாணைக்காரர் காலால் மிதிக்க, சக்கரம் சுழன்று பொறி பறக்கும் காட்சி கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈரமின்றி நெடுநேரம் அழுத்தினால் எஃகு சூடேறி முதலில் வைக்கோல் நிறமும் பிறகு நீலமும் கொள்ளும். நீலம் பாரித்த இடத்தில் கொல்லன் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று அறிக. அத்தகைய கத்தி அன்று மாலை வெகு உற்சாகமாக வெட்டி, அடுத்த வாரமே ஓய்ந்துவிடும். கைதேர்ந்த சாணைக்காரர் அலகை அடிக்கடி நீரில் தோய்ப்பார். அதுவே அவரை இனங்காணும் அடையாளம்.

நான்காமவர் கோல்வாதி. கத்திகளுடன் சேர்த்து விற்கப்படும் எஃகுக் கோலில் இருபுறமும் வீசி வீசித் தீட்டும் இவருடைய கம்பீரம் போற்றத்தக்கது. எனினும் அக்கோல் மடிந்த வாயை நிமிர்த்துமேயன்றி, உருண்ட வாயைப் புதிதாக ஆக்காது.

இனிச் சுபக்கம். 1891ஆம் ஆண்டில் அமெரிக்கரான அச்சிசன் என்பார், செயற்கை வைரம் ஆக்கும் நோக்கத்தோடு களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தால் காய்ச்சினார். வைரம் கிட்டவில்லை, கார்பொரண்டம் கிட்டியது. கடினத்தில் வைரத்துக்குச் சற்றே கீழ்ப்பட்ட இப்பொருளாலான, ஒரு முகம் முரடும் மறுமுகம் நைஸுமாக அமைந்த கல்லே வீட்டுக்கு உகந்தது என்பது நம் சித்தாந்தம். கல் நகராதபடி ஈரத்துணிமேல் வைத்து, நீர் தெளித்து, இருபது பாகைச் சாய்வில் தேய்த்தல் வேண்டும். பாகை அளக்கும் கருவி இல்லாதார் ஒரு காகிதத்தின் மூலையை இருமுறை சரிபாதியாக மடித்தால் இருபத்திரண்டரை பாகை கிடைக்கும். இது சாத்திர சம்மதமே. ஒருபுறம் தேய்க்கத் தேய்க்க மறுபுறத்தில் நுண்ணிய பிசிர் எழும்பும். முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகப் பெருவிரலை மெல்ல வழித்தால் அது தட்டுப்படும். அடிமுதல் நுனிவரை பிசிர் எழுந்த பின்னரே கத்தியைத் திருப்புக. முரட்டு முகத்தில் தொடங்கி நைஸ் முகத்தில் முடித்தால் பிசிரும் நீங்கும்.

ஆயினும் சாய்வு மாறாத கைக்குக் கோப்பையும் உதவும், சாய்வு நிலைக்காத கைக்கு விலையுயர்ந்த கல்லும் உதவாது. கூர்மைக்கு முதற்காரணம் எஃகு, துணைக்காரணம் கல், நிமித்தகாரணம் கை என்பது இதனாற் பெறப்படும். மழுக்கத்துக்கும் நிமித்தகாரணம் அக்கையே. எவர்சில்வர் தட்டின்மேல் எலுமிச்சம்பழம் நறுக்குவதும், தேங்காயினின்று பருப்பை நெம்புவதும், டின் மூடியைக் கத்தி முனையால் திறப்பதும் யார் என்று விசாரிக்கப் புகுந்தால், வீட்டில் எல்லாரும் ஒரே சமயத்தில் மௌன விரதம் பூண்பர். ஆகவே, கல் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் டின் மூடி திறப்பதற்கென்று ஒரு பழைய ஸ்பூனைத் தனியே ஒதுக்கி ஆணியில் மாட்டுக. தீட்டற் கருவிகள் யாவற்றுள்ளும் அதுவே தலையாயது என்பது எம் துணிபு.