செம்பருத்தியின் முன் மண்டியிடுதல்: ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, லுங்கி கட்டிய ஒருவர் செம்பருத்திச் செடியின் முன் மண்டியிட்டு மூச்சை அடக்கியிருந்தால் அது பக்தியாக இருக்கலாம். மேக்ரோ ஒளிப்படப் பயிற்சியாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. இவ்வாய்வு இரண்டாம் வகையினரைப் பற்றியது. ஆய்வெல்லை: வாசற்படியில் தொடங்கித் துணிக்கொடியில் முடியும் தோட்டம். ஆய்வுக்காலம்: வெயில் ஏறும்வரை.

பூவின் ஒரு மில்லிமீட்டர், கேமராவின் சென்சார்மீதும் ஒரு மில்லிமீட்டராகவே விழுந்தால் அது 1:1. முறையான மேக்ரோ அங்கேதான் தொடங்குகிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 x 24 மி.மீ. ஆகவே, முழுதாக மலர்ந்த செம்பருத்தி அதற்குள் அடங்காது. இட்லிப்பூக் கொத்தில் ஓரிரு பூக்கள் அடங்கும். இந்த எளிய கணக்கைத் தொடக்கநிலையாளர் லென்ஸ் வாங்கிய பிறகே போட்டுப் பார்க்கிறார் என்பது இவ்வாய்வின் முதல் கருதுகோள்.

இரண்டாவது கருதுகோள் மூச்சைப் பற்றியது. 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப்/8இல் வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நின்றுகொண்டிருக்கும் மனிதர், தாம் அசையவே இல்லை என்று சத்தியம் செய்யும் நேரத்திலும், அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடுகிறார். எஃப்/16க்குப் போனால் ஆழம் இரு மடங்காகும். ஆனால் வெளிச்சம் வற்றிவிடும், துளை சிறுத்ததால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து படம் முழுவதும் லேசாக மழுங்கும். செம்பருத்தியோ இந்தச் சிக்கலுக்கென்றே வடிவமைத்ததுபோல, நடுத்தண்டை நீட்டி, அதன் நுனியில் ஐந்து சூலகமுடிகளை வைத்திருக்கிறது. நேர் எதிரே நின்று எடுத்தால் நுனி கிடைக்கும், இதழ் கிடைக்காது. பக்கவாட்டில் போய், தண்டு சென்சாருக்கு இணையாக இருக்கும்படி நின்றால் மொத்தத் தண்டும் ஓரளவு தெளிவாக விழும். இதைக் கண்டுகொண்டவரைத் தொடக்கநிலையாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

காற்றின் பங்கும் உண்டு. தென்னை மட்டைகூட அசையாத நேரத்திலும் நந்தியாவட்டை தலையாட்டும். 1:1இல் பூ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்திலும் அதே அளவு நகரும். ஆகவே ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது; காம்பை ஒரு குச்சியோடு சேர்த்துத் துணி கிளிப்பால் கவ்வ வைக்கலாம். மறுநாள் கொடியில் ஒரு கிளிப் குறைவது வீட்டாரின் கவனத்திற்கு வரும்.

நிறத்தில் கேமராவுக்குத் தனிப் பிடிவாதம். எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணி அளப்பதால், நந்தியாவட்டையின் வெள்ளை மங்கிப்போகும். எக்ஸ்போஷரை +1 ஏற்றினால்தான் பூ துவைத்ததுபோல் ஆகும். சிவப்புச் செம்பருத்தியில் நேர்மாறு: சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்புகள் காணாமல் போகும். சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி விரிவாகப் பேசினால் குடும்ப அமைதி கெடும். எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது உள்ளே கண்ணாடி ஏதுமற்ற வெற்றுக் குழாய் என்பதையும், காற்றுக்காகப் பணம் கொடுத்தாயா என்ற கேள்விக்கு அறிவியல்பூர்வமான பதில் உண்டு என்பதையும் மட்டும் குறித்துக்கொள்வோம்: லென்ஸ் சென்சாரிலிருந்து விலக விலக உருவம் பெருக்கும்.

கிடைத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கும்போதுதான் உண்மையான கண்டுபிடிப்புகள் நிகழ்கின்றன. மதிலோரம் மண்டும் வெட்டுக்காயப் பூண்டின் ‘பூ’ ஒரே பூ அல்ல. நடுவில் தெரியும் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஐந்து மடல் கொண்ட தனிப் பூ. செம்பருத்திக் காம்பில் பனித்துளி என்று நினைத்துக் கவித்துவத்தோடு எடுத்தது மாவுப்பூச்சி. அன்று மாலை கேமரா உறைக்குள் போகும், வேப்பெண்ணெய்க் கரைசல் வெளியே வரும்.

எஞ்சியிருப்பது பெரிய சர்ச்சை: செடியிலேயே எடுப்பதா, பறித்து எடுப்பதா? பறிப்புக் கட்சிக்கு வலுவான முன்னோடி ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865-1932). தாமே செய்த கேமராக்களால், வெட்டிய செடிகளை வெற்றுப் பின்னணியில் வைத்துச் சில வேளைகளில் 30 மடங்குவரை பெருக்கி எடுத்தவர். 1928இல் அந்தப் படங்களோடு வெளிவந்த நூல் அவரைப் புகழ்பெறச் செய்தது. செம்பருத்தி பறித்தாலும் பறிக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரே நாள்தான். தண்ணீரில் வைக்காமலே அன்றைய பொழுதுக்கு விரிந்திருக்கும். ஆகவே காலையில் பறித்து, படம் எடுத்து, பிறகு சாமிக்குச் சாத்தலாம் என்பது இக்கட்சியின் சமரசத் திட்டம்.

பாட்டிமார் இதை ஏற்கவில்லை. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அத்தனை கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனால் முகர்ந்ததுதானே? செம்பருத்திக்கு வாசமே இல்லை என்ற வாதம் மல்லிகை விஷயத்தில் எடுபடாது. 60 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1 எடுக்கும்போது பூவுக்கும் லென்ஸ் முனைக்கும் இடைவெளி 10 செ.மீ.க்கும் குறைவு; 100 மி.மீ. லென்ஸில் அது ஏறத்தாழ 13 முதல் 15 செ.மீ. தீட்டின் எல்லை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பதாக வீட்டில் நிறுவிவிட்டால், விலை கூடிய லென்ஸை ஆசாரத்தின் பெயரிலேயே வாங்கிவிடலாம்.