பெயர் யாருக்கு?

கேள்வி: ஒரு நூலை எழுதியவர் ஒருவர், தொகுத்துச் செப்பனிட்டவர் இன்னொருவர். அட்டையில் யார் பெயர் முன்னால் வர வேண்டும்?
- ஒரு வாசகி, சரோஜினி நகர், புதுதில்லி

பதில்: உங்கள் பேட்டைச் சந்தையில் லேபிளைக் கத்தரித்த ஏற்றுமதிச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றனவே! தைத்தவர் பெயர் என்றைக்குமே இல்லை. இப்போது கம்பெனி பெயரும் போச்சு. ஆனாலும் சட்டை விற்கிறது.

சங்க இலக்கியத்திலும் இதே கூத்துதான். குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் தங்கிவிட்டது. பாடிய சிலரின் பெயர் தொலைந்துவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவருக்கு, அவர் பாட்டிலிருந்தே பிய்த்துச் 'செம்புலப்பெயனீரார்' என்று பெயர் சூட்டினார்கள். புறநானூற்றில் தலைகீழ்: பாடிய கபிலரையும் ஔவையாரையும் தெரியும், தொகுத்தவர் யாரென்றே தெரியாது. 1894-இல் அதை அச்சேற்றிய உ.வே.சா., ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். பதிப்பாசிரியர் என்ற இடத்தோடு நின்றுகொண்டார்.

ஆகவே, எழுதியவர் மேலே, செப்பனிட்டவர் கீழே. இரண்டு பெயரும் கட்டாயம் இருக்கட்டும். பிழை வந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்ட ஆள் வேண்டாமா?