பத்தே ஆண்டுகளில் ஃபேன்டஸியைப் புரட்டிப் போடுவது எப்படி?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், ஏழு பாகத்தில் ஒரு சிறுவர் தொடரை எழுதிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கே இந்த வழிகாட்டி.

செய்து காட்டியவர் ஜே. கே. ரோலிங். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் புத்தகம் 1997 ஜூன் 26-ல் வந்தது. ஏழாவது 2007 ஜூலை 21-ல். இடைப்பட்ட பத்தாண்டில் ஃபேன்டஸி என்ற வகையும் அதை விற்கும் கடையும் அடையாளம் தெரியாமல் மாறிப்போயின. என்ன நடந்ததோ அதை அப்படியே செய்முறையாக்கிக் கீழே கொடுத்திருக்கிறோம். படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும். பலன் கிடைக்காவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.

படி 1: புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள்

மந்திரம் சொல்லித்தரும் பள்ளியா? உர்சுலா லெ குவின் 1968-லேயே ரோக் என்ற தீவில் ஒன்றைத் திறந்துவிட்டார். துடைப்பத்தில் பறக்கத் தடுமாறும் மாணவியை ஜில் மர்ஃபி 1974-ல் சேர்த்துக்கொண்டார். டயானா வின் ஜோன்ஸ் 1982-ல் ஒரு விடுதிப் பள்ளிக்குள் சூனியக்காரப் பிள்ளைகளை ஒளித்துவைத்தார். கண்ணாடி போட்ட பையன், கூடவே ஒரு ஆந்தை என்ற சோடி நீல் கெய்மன் எழுதிய 1990-ஆம் வருடத்துக் காமிக்ஸில் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் மாய உலகத்துக்கு வாசல் வைத்தவர் ஈவா இபட்சன், ஆண்டு 1994.

உடனே "காப்பி!" என்று கிளம்பிவிடாதீர்கள். கெய்மனே அந்தப் புகாரை ஏற்கவில்லை. எங்கள் இருவருக்கும் முன்னோடி டி. எச். ஒயிட் என்று சொல்லி முடித்துக்கொண்டார். உதிரிப் பாகங்கள் எல்லாம் ஊரறியக் கிடந்தன. அவற்றை ஒன்றாகப் பூட்டி ஓட்டிக் காட்டிய ஆள்தான் இல்லை.

படி 2: மந்திரத்துக்குக் கால அட்டவணை போடுங்கள்

டோல்கீன் பாணியில் எழுதினால் வரைபடம் வேண்டும், ஆயிரம் மைல் நடக்க வேண்டும். நார்னியா பாணியில் அலமாரிக்குள் புகுந்து போய் அரசாண்டுவிட்டு வந்தால், வீட்டுக் கடிகாரம் அதே மணியில் நிற்கும். ரோலிங் இரண்டையும் ஓரங்கட்டினார். செப்டம்பர் 1, காலை 11 மணிக்கு ரயில். நடுவில் வீட்டுப்பாடம், தண்டனை, விளையாட்டுப் போட்டி, பரீட்சை. கோடை வந்தால் பெட்டி படுக்கையுடன் வீடு. தாமஸ் ஹியூஸ் 1857-ல் தொடங்கிவைத்து, எனிட் பிளைட்டன் காலம்வரை ஓடிய ஆங்கில விடுதிப் பள்ளிக் கதை இது. அதன் மேல்தான் மந்திரத்தைத் தூவினார்.

அரசாங்கத்தையும் மறக்கக் கூடாது. அதுவரை ஃபேன்டஸியை ராஜாக்கள் ஆண்டார்கள். இங்கே ஓர் அமைச்சகம் ஆள்கிறது. வயது வராத பையன் விடுமுறையில் வீட்டில் மந்திரம் போட்டதாகத் தெரிந்தால் ஆந்தை நோட்டீஸ் கொண்டுவருகிறது. நாணயத்தைப் பாருங்கள்: 29 நட்டுக்கு ஒரு சிக்கிள், 17 சிக்கிளுக்கு ஒரு கேலியன். இரண்டுமே பகா எண்கள், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது. இப்படி ஒரு சில்லறைக் கணக்கை வேண்டுமென்றே உண்டாக்கக்கூடியது அரசாங்கம் ஒன்றுதான் என்பதால் வாசகர் அந்த உலகத்தை உடனே நம்பிவிடுகிறார்.

படி 3: கதைக்குள் ஒரு துப்பறியும் நாவலை ஒளித்து வையுங்கள்

பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதித்த படி இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் புத்தகத்தில் ரான் என்ற பையனிடம் ஒரு கிழட்டு எலி இருக்கிறது. அண்ணனிடமிருந்து இறங்கிவந்த எலி. சட்டை, புத்தகம்போல அதுவும் ரானுக்குப் பழசாகத்தான் கிடைத்தது. ரயிலில் தூங்கி வழிகிறது. ஏழைக் குடும்பத்துப் பையன் என்று காட்டுவதற்காக வைத்த எலி என்று நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அதே புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஹாக்ரிட் என்பவர் பறக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். வண்டி யாருடையது என்று கேட்டால், இரவல் கொடுத்தவர் என்று சிரியஸ் பிளாக்கின் பெயரைச் சொல்கிறார். அவ்வளவுதான். அடுத்த புத்தகத்திலும் நமக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

மூன்றாவது புத்தகத்தில் அந்த சிரியஸ் பிளாக் சிறையிலிருந்து தப்பிக்கிறான். காரணம், செய்தித்தாளில் வந்த ரானின் குடும்பப் படம். படத்தில் எலி இருக்கிறது. எலியின் முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் செத்ததாக எல்லோரும் நம்பிய ஒருவனிடம் மிச்சமாகக் கிடைத்ததும் ஒரே ஒரு விரல். எலிதான் அவன். சாதாரண எலி மூன்று வருடம் உயிரோடு இருந்தாலே அதிகம் என்பது நம் கண்முன்னேதான் கிடந்தது.

பிள்ளைகள் முதல் பாகத்தை எடுத்துத் திரும்பப் படிக்கக் காரணம் இதுதான். மந்திரக்கோல் யார் கையிலும் இருக்கலாம். இரண்டு புத்தகம் தள்ளி வெடிக்கிற திரியை முதல் அத்தியாயத்திலேயே கிள்ளிவைப்பது கைவேலை. அகதா கிறிஸ்டியிடம் வாசகர் எதிர்பார்த்ததை ரோலிங்குக்குப் பிறகு ஃபேன்டஸியிடமும் எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள்.

படி 4: நாயகனுக்கு வயதாக விடுங்கள், புத்தகத்துக்கு எடை ஏறட்டும்

சிறுவர் புத்தகம் ஒல்லியாக இருக்க வேண்டும் என்பது அன்றைய பதிப்பக வேதம். ரோலிங்கின் முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், அடக்க ஒடுக்கமாக இருந்தது. ஐந்தாவது, 766 பக்கம். பையன்கள் அதைத் தலையணையாகப் பயன்படுத்தாமல் படித்தே முடித்தார்கள்.

ஒரு புத்தகத்துக்கு ஒரு வயது என்று ஹாரி வளர்ந்தான். நான்காவதன் முடிவில் நல்ல மாணவன் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அதன் பிறகு கதை சிறுவர் கதையாகத் திரும்பவே இல்லை. 1997-ல் பத்து வயதில் பிடித்த வாசகருக்கு முடிவு வரும்போது இருபது வயது. தடித்த, இருண்ட, பல பாகக் கதைகளைக் கேட்கும் ஒரு தலைமுறை பதிப்பகங்களின் வாசலில் தயாராக நின்றது. 2005-ல் வந்த டுவைலைட்டும் 2008-ல் வந்த ஹங்கர் கேம்ஸும் அந்த வாசலைத்தான் தட்டின.

படி 5: தவறாமல் நிராகரிக்கப்படுங்கள்

குறைந்தது பன்னிரண்டு பதிப்பகங்களாவது கைப்பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதின்மூன்றாவதாக புளூம்ஸ்பரி போன்ற ஒன்று ஏற்கும். தலைவரின் எட்டு வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மிச்சம் எங்கே என்று கேட்டால் வேலை சுலபம். கெட்டி அட்டையில் 500 பிரதி அச்சிடுவார்கள். சிறுவர் புத்தகத்தில் காசு பார்க்க முடியாது, ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று உங்கள் பதிப்பாசிரியரே அறிவுரை சொல்வார். பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று முதலெழுத்துகளைக் கேட்பார்கள். இரண்டாவது எழுத்து இல்லையென்றால் பாட்டி பெயரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேத்லீன் பாட்டியிடமிருந்து வந்ததுதான் அந்த "கே".

படி 6: பெரியவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துங்கள்

ரயிலில் உட்கார்ந்து சிறுவர் புத்தகம் படிக்க வெட்கப்பட்ட கனவான்களுக்காக, கறுப்பு வெள்ளை ரயில் படம் போட்ட தனி அட்டையை 1998-ல் புளூம்ஸ்பரி கொண்டுவந்தது. உள்ளே ஒரு வார்த்தை மாறவில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் மூன்று பாட்டர் புத்தகங்களும் மேலிடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தன. நான்காவதும் வரப்போகிறது. என்ன செய்வது? 2000 ஜூலையில் சிறுவர் புத்தகங்களுக்கென்று தனிப் பட்டியல் திறந்து எல்லாவற்றையும் அங்கே குடியேற்றினார்கள். முந்தைய பட்டியலில் பெரியவர்கள் மூச்சுவிட்டார்கள். புதிய பட்டியலால் சிறுவர் இலக்கியத்துக்குத் தனி மேடை கிடைத்தது.

அடுத்த ஆண்டு அறிவியல் புனைவு, ஃபேன்டஸி உலகின் பெரிய விருதான ஹியூகோ, அந்த நான்காவது புத்தகத்துக்குப் போனது. தோற்றவர்களில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் ஒருவர். அதே 2001-க்கான விட்பிரெட் விருதில், எல்லாப் பிரிவுகளையும் முந்தி ஆண்டின் சிறந்த நூலாக பிலிப் புல்மனின் சிறுவர் நாவல் தேர்வானது. சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

படி 7: காக்க வையுங்கள்

நான்காவது வந்தது 2000 ஜூலையில். ஐந்தாவது 2003 ஜூனில். மூன்று வருடம் வாசகர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார்களா? தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். அப்படி ஹாரி பாட்டர் ரசிகர் புனைவு எழுதிய கசாண்ட்ரா கிளேர் 2007-ல் சொந்த ஃபேன்டஸி தொடரைத் தொடங்கி விற்பனைப் பட்டியலில் ஏறினார். நள்ளிரவு விற்பனை, வாசலில் கூட்டம், கடைசிப் புத்தகம் அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதி எல்லாம் ஊரறிந்த கதை. விற்றதைவிட, காத்திருந்த நேரத்தில் உருவான எழுத்தாளர்களே இந்த வகைமைக்குக் கிடைத்த நிகர லாபம்.

படி 8: காப்பி அடிப்பவர்களை வாழ்த்துங்கள்

சினிமாக்காரர்கள் முதலில் வருவார்கள். எரகன் 2006-ல் வந்தது. புல்மனின் கோல்டன் காம்பஸும் சூசன் கூப்பரின் பழைய நாவலை எடுத்துச் செய்த தி சீக்கரும் 2007-ல் வந்தன. மூன்றுமே தொடர்ச்சி எடுக்கும் ஆசையோடு வந்து, முதல் படத்தோடு கடையைக் கட்டின. உங்களிடமிருந்து அவர்கள் தவறாமல் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு: கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாக வெட்டுவது. பாட்டருக்குப் பிறகு டுவைலைட்டும் வெட்டியது, ஹங்கர் கேம்ஸும் வெட்டியது.

படி 9: எதிரிகளை வளர்த்துவிடுங்கள்

இது இல்லாமல் செய்முறை நிறைவடையாது. 2005-ல் டைம் இதழில் லெவ் கிராஸ்மன் எழுதிய கட்டுரையில், தான் எழுதுவது ஃபேன்டஸி என்றே ரோலிங் முதலில் உணரவில்லை என்று வந்தது. மந்திரவாதிப் பல்கலைக்கழகத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த டெர்ரி பிராட்செட் சும்மா இருப்பாரா? சூனியக்காரிகளும் யூனிகார்ன்களும் உலவும்போதே தெரிந்திருக்க வேண்டாமா என்ற தொனியில் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். கிராஸ்மனோ 2009-ல் மந்திரக் கல்லூரியை வைத்துத் தானே ஒரு நாவல் எழுதினார். மந்திரம் கற்றும் மகிழ்ச்சி வராத இளைஞர்களின் கதை. நயோமி நோவிக் 2020-ல் கட்டிய மந்திரப் பள்ளியில் ஆசிரியர்களே இல்லை. மாணவர்களைத் தின்னும் பிராணிகள் உண்டு. நெடி ஒகோராஃபர் 2011-ல் தன் நாயகியை நைஜீரியாவில் வைத்தார். ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா 2018-ல் அட்லாண்டாவில் விளக்கேற்றப்போய், தான் பாண்டவர் மறுபிறவி என்று தெரிந்துகொண்டாள். வாரிசு என்று சொல்லத் தக்கவர்கள் இவர்கள்தான். எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் ஹாரியின் பள்ளியான ஹாக்வார்ட்ஸோடு சண்டை போடுகிறவர்கள்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

மேற்படி ஒன்பதையும் செய்தால் நானும் ஒரு வகைமையை மாற்ற முடியுமா? முடியாது. ஐந்தாவது படி மட்டும் உறுதியாகக் கைகூடும்.

பிறகு எதற்கு இந்த வழிகாட்டி? எழுதுகிறவர்களைவிடப் படிக்கக் கொடுக்கிறவர்களுக்கு இது பயன்படும் என்பதால்தான். ஒரு தொடர் ஒரு வகைமையை மாற்றுகிறது என்றால், முதலில் அது வாசகரை மாற்றியிருக்கிறது. அவர் அடுத்து எதைக் கேட்கிறாரோ அதை எழுதப் பிறர் கிளம்புகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏழாவது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்டால், ஆந்தை படம் போட்ட இன்னொரு புத்தகத்தைத் தேடி அலையாதீர்கள். லெ குவின் 1968-ல் எழுதியதைக் கொடுங்கள், அடுத்து டயானா வின் ஜோன்ஸைக் கொடுங்கள். ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் உண்டு என்று எந்தப் பிள்ளையும் நினைத்துக்கொண்டு வளரக் கூடாது.