ஹாரன் அடிக்க ஆளில்லாத சாலை

ஆம்பூரில் நான் கார் ஓட்டுகிறேன் என்றால் அது பாதி உண்மை. மீதியை ஊர் ஓட்டும். சந்தில் வண்டியைத் திருப்பத் தொடங்கினால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து வந்துவிடுவார். "வா... வா... ரைட்ல ஒடி... போதும் பாய், நில்லு!" நான் பாய் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. ஷூ கம்பெனி ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடப்பார்கள். நான் பிரேக் போடுவேனா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என் பிரேக்கின் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை அவர்களுக்கு.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பாரி வளைவில் நான் ஓரமாக நின்று பஸ், வேன், மொபெட் எல்லாவற்றுக்கும் வழிவிடுவேன். பாரி தேரைத்தான் கொடுத்தார். நான் சாலையையே கொடுப்பேன்.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் மகள் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள். அவள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸ். எங்களுக்கு உலுரு என்ற பெரிய பாறையைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசையைத் தெரிவித்த கையோடு, "நைட் டூட்டி முடிச்சிட்டு வரேம்ப்பா, நீங்க ஓட்டுங்க. நம்மூரு மாதிரியே இடது பக்கம்தான்" என்று பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் எங்கள் பக்கத்து ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றுக்குத் தண்ணீர்தான் எப்போதாவது வெள்ளமாக வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் டாட் என்றொரு ஆறு, முழுக்க மணல். அந்த ஊர்க்காரர்கள் அதற்காக அழவில்லை. 1962 முதல் அந்த மணலில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடித்தட்டு இல்லாத படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே நின்றபடி ஓட வேண்டும். 1993இல் போட்டியை ரத்து செய்தார்கள். காரணம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது! பாலாற்றிலும் இதை நடத்தலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "ஓடுறதுக்கு மணல் வேணாமா?" என்றாள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுருவுக்கு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். நடுவில் ஒரு பள்ளிகொண்டா, ஒரு வாலாஜா கிடையாது. ஸ்டூவர்ட் ஹைவேயில் 130 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். நான் 70இல் போனேன். சாலை நேராக இருந்தது. இதை நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் நேரான சாலையை அரைமணி நேரம் பார்த்ததில்லை. வளைவு இல்லை, சிக்னல் இல்லை, குறுக்கே ஓடும் பையன் இல்லை. ஹாரனில் கை வைத்தே பழகியவன் நான், யாருக்கு அடிப்பது? ஆம்பூரில் நான் பயந்தால் அதைப் பார்த்து நாலு பேர் உதவிக்கு வருவார்கள். இங்கே என் பயத்தைப் பார்க்க ஒரு ஈ காக்காய் இல்லை என்று எழுதலாம்தான், ஆனால் ஈ இருந்தது. கண்ணாடியை இறக்கினால் குடும்பத்தோடு உள்ளே வந்து கண்ணிலும் மூக்கிலும் இடம் பிடித்தது. தலையில் வலை மாட்டிக்கொண்டு திரிகிற மனிதர்களை அங்கேதான் பார்த்தேன்.

எதிரே அபூர்வமாக ஒரு கார் வந்தால் அதன் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வணக்கமாம். என் பத்து விரலும் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்ததால் நான் தலையை ஆட்டினேன். நம் தலையாட்டலில் ஆமாவா இல்லையா என்று அவர்கள் குழம்பியிருக்கலாம்.

பிறகு ரோடு டிரெயின் வந்தது. ஒரு லாரி, அதன் பின்னால் மூன்று பெட்டி. மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கலாம் என்பது சட்டம். அது கடந்து முடிக்கும்வரை நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். முடிந்தபோது மனைவி, "கண்ணைத் தொறங்க" என்றாள். திறந்துதான் இருந்தது, அவள் அப்படித்தான் சொல்வாள்.

டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனிலேயே காலம் தள்ளியவனுக்குச் சாலையோரமும் ஆபத்து. கங்காரு ஒன்று அடிபட்டுக் கிடந்தது. எடையோடு பார்த்தால் அந்தத் தோலின் உறுதிக்கு ஈடு குறைவு. கால்பந்து பூட்ஸுக்கு அதை வெகுகாலம் தேடி வாங்கினார்கள். என் கண் அங்கே போக, "இன்னாங்க, ரோட்டப் பாருங்க" என்று அதட்டல் வந்தது. கொஞ்ச தூரத்தில் வாட்டில் மரங்கள். எங்கள் தொழிலில் வாட்டில் என்றால் மூட்டையில் வரும் பட்டைச்சாற்றுத் தூள், ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் கூட்டாளி. அந்தக் குடும்பத்தில் ஒரு மரத்தின் மஞ்சள் பூதான் ஆஸ்திரேலியாவின் தேசியப் பூ என்று, தூங்குவதாக நான் நம்பியிருந்த மகள் கண்ணை மூடியபடியே சொன்னாள். ஒரு நாட்டின் தேசியப் பூவுக்குச் சொந்தக்கார மரத்தில்தான் நாங்கள் இத்தனை காலமும் தோலை ஊறப் போட்டிருக்கிறோம்.

எர்ல்டண்டாவில் வலப்பக்கம் திரும்பினால் லாசெட்டர் ஹைவே. ஹெரால்டு லாசெட்டர் யார் என்று பெட்ரோல் போடும்போது மகளிடம் கேட்டிருக்கக் கூடாது. பாலைவனத்தில் பெரிய தங்கப் படிவத்தைப் பார்த்ததாகச் சொல்லித் தேடப் போனவராம். ஒட்டகங்கள் அவரை விட்டுவிட்டு ஓடிவிட்டன. 1931இல் அங்கேயே இறந்துபோனார். தங்கம் இன்றுவரை கிடைக்கவில்லை. பயந்த டிரைவர்கள் போகிற சாலைக்கு, வழியில் மாட்டிக்கொண்டு செத்தவர் பெயரையா வைப்பது? வள்ளல்கள் பெயர் வைத்த நம் நெடுஞ்சாலைத் துறையை அன்றுதான் மனதாரப் பாராட்டினேன்.

மாலைக்குள் போய்ச் சேர்ந்தோம். எழுபது வயதுப் பாட்டிமார்கள் கேரவன் இழுத்துக்கொண்டு என்னை முந்திப் போனதைச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.

உலுரு 348 மீட்டர் உயரம், சுற்றளவு 9.4 கிலோமீட்டர். பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்து அந்தச் சிவப்பு வருகிறது. பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் கறுத்துப் போகும், சரக்கு ரிஜெக்ட். இங்கே அதே இரும்பைப் பார்க்க உலகமே டிக்கெட் வாங்குகிறது. மேலே ஏற முடியாது. மண்ணின் மக்களான அனங்கு மக்களுக்கு அது புனிதம். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்களிடம் திரும்பியது. 2019இல் அதே தேதியில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. அண்ணாமலையார் மலைமேல் கயிறு கட்டிக்கொண்டு சுற்றுலாக் கூட்டம் ஏறினால் நாம் சும்மா இருப்போமா? அடிவாரத்தை நடந்து சுற்றலாம், அதையும் வலமாகவே சுற்றச் சொல்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து பழகிய என் மனைவி செருப்பைக் கழற்றப் போனாள். சரளைக்கல்லைப் பார்த்து மாட்டிக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எர்ல்டண்டாவில் டேங்கை நிரப்புங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மாடு, கங்காரு, ஒட்டகம் மூன்றும் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும். வழியில் இடப்பக்கம் தட்டைத் தலையோடு ஒரு பெரிய மலை தெரியும். என் மனைவி அதைப் பார்த்துக் கும்பிட்டு, பேரனுக்கு நல்ல மார்க் வேண்டிக்கொண்டு, நாற்பது போட்டோவும் எடுத்துவிட்டாள். அது மவுண்ட் கானர். உலுருவுக்கு அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.